அரிசி டப்பாவிலிருந்து சென்னைக்கு!

குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களில் இரண்டு ரகம். அறுபது நாள் முன்பே ரயிலில் இடம் பிடித்து, மேனேஜரின் மூடு பார்த்து லீவு லெட்டர் நீட்டி, ஃபிளாஸ்க்கிலிருந்து தலைவலித் தைலம் வரை லிஸ்ட் போட்டு, டிக் அடித்துக்கொண்டே கிளம்புகிறவர்கள் முதல் ரகம். இவர்கள் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சண்டை போடுவார்கள். இரண்டாவது ரகம், சண்டை போட்டுவிட்டு, அந்தச் சண்டை காரணமாகவே ஊருக்குக் கிளம்புகிறவர்கள். நாங்கள் இரண்டாவது ரகம்.

எங்கள் ஊர் குருவிநத்தம். புதுச்சேரி மாநிலம், பாகூர் கொம்யூன். தெற்கே பெண்ணையாறு. ஆற்றைத் தாண்டினால் கடலூர் பக்கம், அதாவது தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 வரை எங்களை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இங்கிலீஷ்காரன் இருந்த காலத்தில் என் தாத்தா ஒரு ஜோடி மாடு வாங்க அக்கரைக்குப் போனாலே அது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் இல்லாமல் ஃபாரின் போன குடும்பம் சார் எங்கள் குடும்பம்!

பெருமை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே பாகூரில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்ட செப்பேடு இருக்கிறது. சென்னையில் கோட்டை கட்ட இங்கிலீஷ்காரன் இடம் வாங்கியதே 1639-ல்தான். ஆபீஸ் முறைப்படி சீனியாரிட்டி லிஸ்ட் போட்டால் சென்னை எங்களுக்கு எழுநூறு வருஷத்துக்கும் மேலே ஜூனியர். (மயிலாப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது கோட்டைச் சென்னையை மட்டும்.)

அந்த ஜூனியரைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் கிளம்பினோம். அப்பா, அம்மா, என் சம்சாரம், ஐந்தாவது படிக்கும் பெரியவள், ஒன்றாவது படிக்கும் சின்னவன், அப்புறம் நான். பி.காம். படித்துவிட்டுப் பகுதி நேரமாகக் கணக்கும் முழு நேரமாகக் கட்டுரையும் எழுதுகிறவன். வருமானம் மட்டும் இதற்குத் தலைகீழ்.

சண்டைக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீரைத் திறந்துவிட, பெண்ணையாறு ஊருக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் சம்பா படுத்தது படுத்ததுதான். தை மாதம் பிறந்தும் அறுவடை இல்லை. பொங்கலுக்குக் கடை அரிசி. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? கதை சொல்வார். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே கதை, மெட்ராஸ்.

1975-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்பா கத்தரிக்காய் லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் கொத்தவால் சாவடிக்குப் போய் வந்தவர். அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை ராத்திரியும் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஆரம்பித்தார்.

"எல்.ஐ.சி. பில்டிங்கு... பதினாலு மாடி! சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல விடியக்காத்தால சிங்கம் கத்தும் பாரு..."

"ரயில்வே ஸ்டேஷன்ல ஏது தாத்தா சிங்கம்?" என்றாள் பெரியவள்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா பதில் சொன்னாள். "சிங்கமும் பாத்தாரு, புலியும் பாத்தாரு. கூடப் பொறந்த பொறப்பா வூட்டுல ஒருத்தி இருக்காளே, அவள ஒரு நாளு கூட்டிக்கினு போய்க் காட்டணும்னு தோணுச்சா? கல்யாணம் ஆயி நாப்பத்தி மூணு வருஷம். தாம்பரத்துல ஒரு கல்யாணம்னு போனேன். அது மெட்ராஸா?"

"தாம்பரம் மெட்ராஸ்தான்" என்றார் அப்பா.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்து உள்ளே போனாள். அரிசி டப்பா திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். வெள்ள நிவாரணமாகப் புதுச்சேரி அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்ததே, அந்தப் பணம். பாங்கிலிருந்து எடுத்து, அரிசி இல்லாத அரிசி டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"காலையில கெளம்பறோம். எல்லாரும் படுங்க."

காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். இது கேபிடல் எக்ஸ்பெண்டிச்சரா, ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சரா? கேட்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கேட்கமாட்டார்.

*

விடியற்காலை மூன்று மணிக்கே புளிசாதம் தயார். என் சம்சாரம் அத்தைக்கு ஒரு படி மேலே போய், தேங்காய்த் துவையலும் அரைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆறு பேரும் அடைந்து கிருமாம்பாக்கம் மெயின் ரோடு, அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் பாண்டி, பாண்டியிலிருந்து ஈ.சி.ஆர். வழிச் சென்னை பஸ்.

மரக்காணம் தாண்டுவதற்குள் அப்பா நெளிய ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாடா இது, உப்பளமா வருது? மெட்ராஸ் போற வழியில திண்டிவனம் வரணும், மதுராந்தகம் ஏரி வரணும், செங்கல்பட்டு வரணும். தப்பு பஸ்ல ஏறிட்டமா?"

அவர் லாரியில் போன காலத்தில் வழி அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய ரூபத்துக்கு வந்தது 2000-க்குப் பிறகு. இப்போது அதையும் நாலு வழியாக அகலப்படுத்துகிறேன் என்று வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கண்டக்டர் வந்து, "மெட்ராஸ்தான் பெரியவரே, நம்பி உட்காருங்க" என்று சத்தியம் செய்த பிறகுதான் அப்பா சாய்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஊருக்குத் தெரியாத வழியில் போவது மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். அம்மாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. உப்பளம், கல்பாக்கம், மாமல்லபுரம் திரும்பும் வளைவு, முட்டுக்காடு தண்ணீர் என்று ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சின்னவன் மட்டும் கடமை தவறாமல் கோவளம் அருகில் வாந்தி எடுத்தான்.

திருவான்மியூரில் இறங்கி, பாரிமுனை போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். முன்னாலும் பின்னாலும் பிங்க் பெயின்ட் அடித்த சாதாரணக் கட்டண பஸ். நான் ஆறு பேருக்கும் டிக்கெட் கேட்க, கண்டக்டர் அம்மாவையும் என் சம்சாரத்தையும் மகளையும் கண்ணாலேயே கழித்தார். "லேடீஸுக்கு ஃப்ரீ சார்."

தமிழ்நாட்டில் 2021-லிருந்து இருக்கும் ஏற்பாடு இது. ஆனால் அம்மாவுக்கு மனசாட்சி உறுத்தியது. எட்டிக் கூப்பிட்டு, "ஐயா, நாங்க தமிழ்நாடு இல்ல. பாண்டிச்சேரி. குருவிநத்தம்" என்று வாக்குமூலம் கொடுத்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எந்த ஊரு பொம்பளையா இருந்தாலும் டிக்கெட் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, பக்கத்தில் காசு கொடுத்துப் பயணம் செய்யும் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே தனியாகக் கட்டணம் வாங்கலாம்!

*

அடையாறு, சாந்தோம், மெரினா என்று பஸ் போனது. கடற்கரைச் சாலையில் பாதியை மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பாரிமுனையில் இறங்கியதும் அப்பா ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரத்தைக் காட்டினார்.

"அதோ, அந்த உச்சியிலதான் லைட்ஹவுஸ் வெளக்கு சுத்தும்."

"லைட்ஹவுஸ் பீச்சுல இல்ல இருக்குது? இப்பத்தானே பாத்தோம்!" என்றாள் பெரியவள். சிங்கத்துக்கு அடுத்தபடி இன்னொரு புளுகு என்று அவள் முடிவுகட்டிவிட்டது தெரிந்தது.

தாத்தா பக்கம் நான் சாட்சி சொன்னேன். ஹைகோர்ட் கட்டிடம் 1892-ல் எழும்பியது. 1894-லிருந்து 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கு அந்தக் கோபுரத்தின் உச்சியில்தான் எரிந்தது. அதே வளாகத்தில், அதற்கு முன்பு இருந்த விளக்குத் தூணும் தனியாக நிற்கிறது. மெரினாவில் இப்போது இருப்பது 1977-ல் வந்தது. சிங்கமும் நிஜம். 1985-ல் வண்டலூருக்குப் போகும்வரை மிருகக்காட்சி சாலை சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவில்தான் இருந்தது. மகள் தாத்தாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணையாறு வந்துபோன பிறகு அவர் அப்படித் துண்டு உதறி நான் பார்க்கவில்லை.

முதலில் அம்மாவின் கோரிக்கை. கந்தகோட்டம். பூக்கடை தாண்டி, பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் இருக்கிற முருகன் கோயில். அம்மா வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கப் போகிறவள். வள்ளலார் எங்கள் பக்கத்துக்காரர். 1823-ல் கடலூர் ஜில்லா மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக அப்பாவை இழந்து, குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஏழுகிணறு பகுதியில் வளர்ந்தவர். சின்னப் பையனாக இந்தக் கோயிலுக்கு வந்துதான் பாட ஆரம்பித்தார். பிற்பாடு சென்னையை விட்டுத் திரும்பவும் எங்கள் பக்கமே வந்து, 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். பட்டணத்தில் ஒருவன் எத்தனை வருஷம் இருந்தாலும் கடைசியில் சோறு போட ஊருக்குத்தான் வருவான் என்பது இதற்கு அம்மாவின் விளக்கவுரை. வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறதல்லவா, அதைச் சொல்கிறாள்.

சுற்றிலும் பாத்திரக்கடை, பேப்பர்க்கடை என்று நெருக்கியடிக்கும் தெருவுக்குள் இப்படி ஒரு கோயிலும் குளமும் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது. அம்மா சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவள் அப்பாவைக் கேட்டாள்.

"உங்க சாவடி இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"தோ, பத்து நிமிஷ நடை."

"பத்து நிமிஷம். பத்து வருஷம் வந்திருக்கீங்க. இந்தக் கோயிலுக்கு ஒரு தடவ வந்திருப்பீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. "வா, காட்டறேன்" என்று எழுந்து நடந்தார்.

*

கொத்தவால் சாவடிக்கு ஞாயிற்றுக்கிழமை போனது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வாரநாளில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டை சுமப்பவர்கள் நம்மையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கோ மளிகை மொத்த வியாபாரக் கடையெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. ஒரு மாடு, இரண்டு காலி மீன்பாடி வண்டி, மிளகாயும் பெருங்காயமும் சாக்கும் கலந்த ஒரு நெடி. அவ்வளவுதான் தெரு.

அப்பா ஒவ்வொரு ஷட்டராகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த வயதான மூட்டைத் தொழிலாளி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார். "யாரத் தேடற பெரிய்வரே? இன்னிக்கு நாயித்துக்கெயம. கடை லீவு."

"கத்தரிக்கா மண்டி இங்கதான் இருந்துது..."

"காய்கறி மார்க்கெட்டா! அது கோயம்பேடு பூட்சே. 96-ல போச்சு. முப்பது வருஷம் ஆவப் போவுது."

அது அப்பாவுக்குத் தெரியாததல்ல. பேப்பரில் படித்திருக்கிறார், டி.வி.யில் பார்த்திருக்கிறார். இருந்தாலும், ஒரு செய்தி தெரிவது வேறு, மூடின ஷட்டருக்கு முன்னால் நின்று அதைக் கேட்பது வேறு. இரண்டு பெரியவர்களும் பேச ஆரம்பித்தார்கள். இறக்குக் கூலி, கமிஷன், மூட்டைக்கு மூட்டை சாம்பிள் என்று அள்ளிக்கொண்டு போன காய், போலீஸ்காரருக்குப் போன வாழைப்பூ என்று இருவருக்கும் பொதுவான பழைய நண்பர்கள் நிறைய. சின்னவன் மீன்பாடி வண்டியில் ஏறி ஓட்ட ஆரம்பித்துவிட்டான். அம்மா மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி எங்க படுப்பீங்க?" என்றாள் திடீரென்று.

"படுக்கறதா? ரெண்டு மணிக்கு லாரி வந்து நிக்கும். இறக்கி முடிச்சா காலி சாக்கு மேல கொஞ்சம் சாயலாம். அஞ்சு மணிக்குக் கணக்கு பாத்துக் காசு குடுப்பான். ஆறு மணிக்கு லாரி கெளம்பிடும். இல்லேன்னா போலீஸ்காரன் உள்ள வுடமாட்டான், வெளிய வுடமாட்டான்."

"அப்ப எல்.ஐ.சி. பில்டிங்கு?"

"மவுண்ட் ரோட்ல வரும்போது லாரி மேலேருந்து தெரியும்."

"சிங்கம்?"

"சத்தம் கேக்கும்."

"பீச்சு?"

"அந்தப் பக்கம் இருக்குதுன்னு சொல்லுவாங்க."

என் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக அவள் கோபித்துக்கொண்டிருந்த மெட்ராஸ், அவளை விட்டுவிட்டு அவர் மட்டும் அனுபவித்த மெட்ராஸ், இந்த ஒரே தெருதான். அதுவும் இருட்டில்.

"கல்யாணமான மறு வருஷம் தீபாளிக்கு, மெட்ராஸ் சேலை வாங்கியாறேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட வந்தீங்களே. கடை தொறக்கலேன்னு சொன்னீங்க."

அப்பா ஷட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு எல்லா ஊருலேருந்தும் கத்தரிக்கா வந்து குவிஞ்சிடுச்சி. கேக்க ஆளில்ல. மாட்டுக்குப் போட்டாங்க. லாரி வாடகைக்கே பத்தல. கடியாரத்தக் கழட்டி டிரைவர்கிட்ட குடுத்துட்டு வந்தேன்."

"எந்தக் கடியாரம்? எங்கப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட கடியாரமா? பஸ்ஸுல தொலைஞ்சிடுச்சின்னீங்க!"

"ம்."

மூட்டைத் தொழிலாளி நாசூக்காக எழுந்து மீன்பாடி வண்டிப் பக்கம் போய்விட்டார். தொழிலில் எத்தனை பாரம் பார்த்தவர்!

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா திட்டுவே."

"சொல்லியிருந்தா நாலு நாள் திட்டியிருப்பேன். நாப்பது வருஷம் திட்டியிருக்க மாட்டேன்."

கூட்டு வட்டியைப் பற்றி மூன்று வருஷம் காலேஜில் எனக்கு நடத்தினார்கள். அம்மா ஒரு வரியில் நடத்திவிட்டாள்.

முனையில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. அரிசி டப்பா பணத்தை எடுத்து அம்மாவே எல்லோருக்கும் டீ வாங்கினாள், மூட்டைத் தொழிலாளிக்கும் சேர்த்து. பிறகு என்.எஸ்.சி. போஸ் ரோட்டு நடைபாதையில் கைக்கடிகாரம் பரப்பி வைத்திருந்த ஒரு பையனிடம் உட்கார்ந்து பேரம் பேசினாள். அவன் ஐந்நூறில் ஆரம்பித்தான், அம்மா நூறில் ஆரம்பித்தாள். பெண்ணையாற்று வெள்ளம், படுத்துப்போன சம்பா, கிருமாம்பாக்கம் ஆட்டோ சார்ஜ் எல்லாவற்றையும் அவன் பொறுமையாகக் கேட்டான். இருநூறில் முடிந்தது. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மணி தெரியவில்லை என்ற குறையே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆகாசவாணிபோல அறிவித்துக்கொண்டே வந்தார்.

*

பேரப்பிள்ளைகளுக்கு மெட்ரோ. ஹைகோர்ட் ஸ்டேஷனில் ஏறி எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்குவது என்று திட்டம். அம்மாவுக்கு எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம். என் சம்சாரம் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வாய்க்கால் தாண்டற மாதிரி நெனச்சுக்குங்க" என்றாள். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிஜமாகவே வாய்க்காலைத் தாண்டினாள். 2019-ல் திறந்த சுரங்கப் பாதை இது. மேலே சென்ட்ரல், மவுண்ட் ரோடு என்று அப்பாவுக்குத் தெரிந்த மெட்ராஸ் அத்தனையும் இருக்க, அதற்கு அடியில் ஒன்றுமே தெரியாமல் போய்க்கொண்டிருந்தோம். "இதுக்கு லாரியே தேவல" என்றார்.

ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தால் எதிரே எல்.ஐ.சி. 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டிடம். 1975-ல் தீப்பிடித்து எரிந்ததை அப்பா கதை கதையாகக் கேட்டிருக்கிறார். ஒரு காலத்தில் தமிழ் சினிமாவில் ஹீரோ கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தாரென்றால் இந்தக் கட்டிடத்தை ஒரு ஷாட் காட்டுவார்கள். இப்போது அதைவிட உயரமான கட்டிடங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. அப்பா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. நடைபாதையில் நின்று விரலை நீட்டி மாடியை எண்ணினார். லாரி ஓடும்போது ஒரு தடவைகூட முழுசாக எண்ணி முடித்ததில்லையாம். எத்தனை எண்ணினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

சாப்பாடு, அங்கேயே ஒரு நிழலில் புளிசாதம். கூட ஒரு ஓட்டலில் நாலு பிளேட் பஜ்ஜி. மெரினாவுக்கு இரண்டு ஆட்டோ.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருப்பதால் அம்மாவின் முழங்கால் தப்பியது. பல வருஷம் பாதுகாப்பு காரணமாக மூடிக்கிடந்து 2013-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை, குறித்துக்கொள்ளுங்கள். மேலே போய் நின்றதும் ஒரு பக்கம் முழுக்க ஊர், இன்னொரு பக்கம் முழுக்க மணல், அதற்கப்புறம்தான் கடல். எங்களுக்கும் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல் உண்டு. கடலைப் பார்க்க நாங்கள் சென்னை வரவேண்டியதில்லை. ஆனால் அம்மா வாய் பிளந்து பார்த்தது மணலை.

"பாண்டி பீச்சுல கருங்கல்லா கொட்டிக் கெடக்குது. இங்க மட்டும் எப்படிடா இவ்ளோ மணலு?"

நல்ல கேள்வி. நம் கரையில் கடல் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. குறுக்கே ஒரு சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டினார்கள். மெரினா அதற்குத் தெற்கே இருப்பதால் மணல் வந்து குவிந்தது. வடக்கே இருக்கிற ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் வந்தது. நகரம் அதற்கு வடக்கே இருக்கிறது. மணல் போய்க் கல் வந்தது. சமீப வருஷங்களில் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

இதை ரத்தினச் சுருக்கமாக அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ராயபுரத்து மணலா இது?" என்றாள். உடனே, "பாவம், அவங்க வூடு?" என்றாள். மூன்று மாதம் முன்பு தன் வீட்டு முற்றத்தில் ஆற்றைப் பார்த்தவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

கீழே இறங்கி, அந்த மணலில் நடந்து தண்ணீரைத் தொடுவதற்குள் அப்பா பன்னிரண்டு தடவை மணி சொல்லிவிட்டார். ஆனால் அலையில் கால் நனைத்தபிறகு அவர்தான் கிளம்ப மறுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு அலை" என்று அரை மணி நேரம். அம்மா மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மெட்ராஸ் பாத்த ஆளு" என்று என் சம்சாரத்திடம் ஜாடை காட்டினாள். வழக்கமான அதே வார்த்தைதான். காரம் மட்டும் இல்லை.

*

திரும்பிப் பாண்டி வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது (அப்பா அறிவிப்பு). கடலூர் பஸ் கிடைத்து கிருமாம்பாக்கத்தில் இறங்கினால், ஊருக்கு வண்டியில்லை. ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. என் கணக்குப்படி டப்பா பணத்தில் செலவு போக மிச்சம் 1,340 ரூபாய். அந்த நேரத்தில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகப் பாகூர் பக்கம் திரும்பிய ஒரு சின்ன லோடு வண்டியை அப்பா கை காட்டி நிறுத்தினார். டிரைவர் பையன், முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றான். தூங்கி வழிந்த சின்னவனோடு என் சம்சாரத்தை முன்னால் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் நாலு பேரும் பின்னால் ஏறினோம்.

அப்பா பழக்கமான ஆள்போல முதுகைத் தகரத்தில் சாய்த்து, காலை நீட்டி, கேபினைத் தட்டி "போலாம் ரைட்" என்றார். மூலையில் நாலைந்து காலிச் சாக்கு கிடந்தது.

"அந்தச் சாக்க இப்படிப் போடுங்க" என்றாள் அம்மா. "ஊரு வர்ற வரைக்கும் செத்த படுக்கறேன்."

அப்பா உதறி விரித்தார். கத்தரிக்காய் வாசனை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மா படுத்தாள்.